இடமிருந்து இரண்டாவது

ஐந்து பேருக்கும் சட்டைப்பை வலது மார்பில் இருந்தது. காலையிலிருந்து இதை யாரும் கவனிக்கவில்லை என்பது நல்லசிவத்துக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. மத்தியானம் தயிர்சாதத்தை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பின் அதுவே லேசான அவமதிப்பாகவும் பட்டது. மதுரைப் பதிப்பு முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில் வடை எண்ணெய் பட்டு, பஸ்ஸில் நாலாக மடிக்கப்பட்டு, எத்தனை கண்கள் பார்த்திருக்கும். ஐந்து ஆண்பிள்ளைகள் வலது பக்கம் பை வைத்த சட்டை போட்டு வரிசையாக நிற்கிறார்களே, எந்தத் தையல்காரன் இப்படித் தைப்பான் என்று ஒருவனுக்குக்கூடத் தோன்றவில்லை. யார் படத்தைப் பார்க்கிறார்கள். முகத்தைப் பார்க்கிறார்கள், அதுவும் எந்த முகத்தில் காறித் துப்பலாம் என்று கீழே எழுதியிருக்கிறதோ அந்த முகத்தை மட்டும். சுவர்க்கடிகாரத்தில் மூன்று பத்து. நாலு மணிக்கு ஜெயக்கொடியை ஆசிரியர் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். படங்களுக்குக் கீழே விளக்கம் எழுதுவது அவள் வேலை, பதினோரு வருஷமாக. மூன்று மேஜை தள்ளி அவள் இன்றைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஆட்காட்டி விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு. விரலை எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து ஒன்று, இரண்டு. பிறகு யாரும் பார்க்காதபடி மேஜைக்கு அடியில் ஒரு கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோவதுபோல அசைத்தாள். சோறு எடுக்கும் கை எது என்று பார்க்கிறாள். நல்லசிவம் கண்ணைத் திரைக்குத் திருப்பிக்கொண்டார். 

புரட்டு என்பதுதான் படப்பிரிவில் அதற்குப் பெயர். கண்ணாடியில் தெரிவதுபோலப் படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவது. ஆங்கிலத்தில் என்னவோ சொல்வார்கள், இங்கே எல்லோரும் புரட்டு என்றுதான் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்பது இருபத்தாறு வருஷத்தில் அவருக்கு இன்று காலைதான் உறைத்தது. பேப்பர்ப் பக்கத்தின் ஓரத்தில் இருக்கிற ஆள் பக்கத்துக்குள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்த்தால் வாசகனின் கண்ணும் அவன் பின்னாலேயே வெளியே போய்விடும். இது சட்டம் இல்லை, ஆனால் சட்டத்தைவிட ஆழமாக அவர் விரலில் இருந்தது. நேற்று மாலை ஆறு மணிக்கு முன்பக்கத்தின் வலது ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக், அங்கே பெண்கள் கழிப்பறையில் செல்போனை ஒளித்து வைத்துப் படம் பிடித்த ஆய்வக உதவியாளன் சுதாகர் கைது. அவனுடைய தனிப்படம் கிடைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஆண்டு விழாவுக்கென்று கல்லூரியிலிருந்து வந்து, அச்சேறாமல் கிடந்த படம் ஒன்று நல்லசிவத்தின் கணினியில் மட்டும் இருந்தது: சிறந்த துறைக்கான கேடயத்தோடு ஐந்து பேர். நிருபர் வந்து திரையில் விரலை வைத்து, "இந்தா, இவன்தான்" என்றார். ஜெயக்கொடி குனிந்து எண்ணி, இடமிருந்து இரண்டாவது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளையை டியூஷனிலிருந்து அழைக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் அவர் படத்தைப் பக்கத்தில் வைத்தார். ஐந்து பேரும் மேடைக்கு வரும் யாரையோ பார்த்து வலது பக்கம் திரும்பியிருந்தார்கள். ஐந்து பேரும் பேப்பரை விட்டு வெளியே பார்த்தார்கள். அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அது தவறு, யோசிக்காததால் அது பழக்கம், இப்படியும் ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம். கை புரட்டியது. புரட்டியதும் பின்னால் இருந்த பேனரில் எழுத்துகள் இடம் வலம் மாறின, கேடயத்திலும் அப்படியே. எனவே மேலே பேனரை வெட்டி, கீழே கேடயத்தை வெட்டி, ஐந்து மார்பளவு ஆட்களை மட்டும் வைத்தார். சுத்தமான வெட்டு. அந்த நேரத்தில் கீழே இருந்த வரியைப் படிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. வரி அவருடைய வேலை இல்லை.

சுதாகர் இரண்டாம் இடத்திலிருந்து நாலாம் இடத்துக்குப் போனான். நாலாவதாக நின்ற பரமகுரு, அதே கல்லூரியில் சரக்கு அறைப் பொறுப்பாளர், நாற்பத்தைந்து வயது, இரண்டாம் இடத்துக்கு வந்தார். காலை ஏழரைக்குப் பால் வாங்க வந்தவரை, ஜாமீனில் வந்துவிட்ட சுதாகர் என்று நினைத்துத் தெருமுனையில் மறித்திருக்கிறார்கள். நாலு பேர் என்று முதலில் சொன்னார்கள், பிறகு ஏழெட்டுப் பேர். இதையெல்லாம் நல்லசிவம் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை, படமாகத்தான் பார்த்தார். அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போன புகைப்படக்காரர் பத்தொன்பது படம் எடுத்து எட்டரைக்கே அனுப்பிவிட்டார், தலைப்பையும் அவரே போட்டு: கேமரா ஆசாமிக்குத் தர்ம அடி. பத்தொன்பதில் பன்னிரண்டாவது நன்றாக இருந்தது. ஆள் கீழே கிடந்தார், பால் பாக்கெட் உடைந்து ஒரு வெள்ளை வளைவு முகம்வரை ஓடியிருந்தது, வாயிலிருந்து வந்தது அதோடு கலக்கும் இடத்தில் வெயில் விழுந்திருந்தது. தூக்கிய கால் ஒன்று மங்கலாக. முகம் இடமிருந்து உள்ளே பார்த்தது. புரட்டத் தேவையில்லாத படம் என்று அவருடைய மனசு சொல்லிவிட்டது, அதற்கு ஒரு விநாடி கழித்துத்தான் கீழே கிடப்பவர் யார் என்பது உறைத்தது. எது முதலில் வந்தது என்பதை மட்டும் அவரால் மாற்றிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. பத்து மணிக்குச் செய்தி ஆசிரியர் தாமோதரன் பேப்பரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "நல்லசிவம், ஆளு மாறிப் போச்சுய்யா. வலமிருந்து ரெண்டாவதாம் அந்தப் பய. இதோட ஒரிஜினல் இருக்கா?" "பேஜ்ல வச்சதுதான் சார் ஒரிஜினல்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சிரிப்பது போல, தற்செயலாக நினைவு வந்ததுபோல, "நம்ம ஜெயக்கொடிக்குத்தான் இடது வலது தகராறாச்சே" என்றார். ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை அது. ஒருமுறை அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போன சக ஊழியர் ஒருவர் வலது பக்கம் திரும்பச் சொல்லி, அவள் இடது பக்கம் திரும்பி, இருவரும் ஒரு கல்யாண மண்டப வாசலில் போய் நின்ற கதை. தாமோதரன் சிரிக்கவில்லை. "ஆமால்ல" என்றார். அந்த ஆமால்ல ஒரு பூட்டு விழுவதுபோல விழுந்தது. சாவி தன் கையில் இருப்பது நல்லசிவத்துக்குத் தெரிந்தது. இரண்டு கோப்புகள், ஒன்று நேர், ஒன்று புரட்டியது, பக்கத்துப் பக்கத்தில், ஒரே பெயரில், கடைசி எழுத்து மட்டும் வேறு. போய்த் திறந்து காட்டினால் போதும். நாலு மணிக்கு இப்போது இன்னும் நாற்பத்தைந்து நிமிஷம் இருக்கிறது. நாற்பது நிமிஷத்தில்கூடச் சொல்லலாம். கடைசி ஐந்து நிமிஷத்தில் சொன்னாலும் அதே உண்மைதான். தண்ணீர் கேனுக்கு மேலே, அறிவிப்புப் பலகையில், அவருடைய கையெழுத்தில் ஒரு தாள் மஞ்சளாகித் தொங்கியது. போன தேர்தலில் ஒரு வேட்பாளர் ஓட்டுப் போட்டுவிட்டு விரலைக் காட்டிய படத்தை ஒரு வடிவமைப்பாளன் புரட்டிவிட, மை வலது கைக்குப் போய், இரண்டு கையாலும் ஓட்டுப் போட்டவர் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் ஊரெல்லாம் கேலி செய்தார்கள். அன்றைக்கு அந்த வடிவமைப்பாளனைக் காட்டிக் கொடுத்ததும் இவர்தான், அறிவிப்பை எழுதியதும் இவர்தான். படங்களைப் புரட்டக் கூடாது. மீறுவோர் அன்றே வெளியேற வேண்டும். அன்றே என்பதற்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோடு போட்டபோது இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

வரவேற்பிலிருந்து போன். "சார், அந்தப் பரமகுரு வீட்டம்மா வந்திருக்காங்க. மறுப்புப் போடப் படம் வேணும்னு தாமோதரன் சார் சொன்னாராம். உங்களப் பாக்கச் சொல்லிட்டாரு." படி இறங்கும்போது அழுகையை எதிர்பார்த்தார். அழுகையைச் சமாளிப்பது சுலபம், அழுகிறவர்களைத் தினமும் பத்துப் பதினைந்து பேரைப் பார்க்கிறார், எந்த வாய் எந்த அளவு திறந்திருந்தால் முன்பக்கம், எந்த அளவு என்றால் ஐந்தாம் பக்கம் என்பது தெரியும். அந்த அம்மாள் அழவில்லை. மடியில் ஒரு கட்டைப்பை, அதற்குள் துண்டில் சுற்றி ஏதோ சதுரமாக. "உக்காருங்கம்மா. எப்படி இருக்காரு?" "பெரியாஸ்பத்திரில இருக்காரு சார். தாடையில கம்பி போட்டுருக்கு, பேச முடியல. எழுதிக் காட்டுறாரு. பொண்ணு வெளிய வர மாட்டேங்குது." பையிலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தாள். கண்ணாடிச் சட்டம். அந்தப் படம். பேனர் நேராக, எழுத்து நேராக, கேடயத்தின் பொன்னெழுத்து நேராக, ஐந்து சட்டைப்பையும் இடது மார்பில், உள்ளபடி. "சார், நான் ஒண்ணும் படிச்சவ இல்ல. எனக்கு ஒண்ணுதான் புரியல. எங்க வீட்டுல மாட்டியிருக்கதுல இவரு நாலாவதா நிக்கிறாரு. உங்க பேப்பர்ல ரெண்டாவதா நிக்கிறாரு. ஒரே படந்தான சார்? எப்படி சார் எடம் மாறி நிப்பாரு?" ஊர் முழுக்க ஒரே ஒருத்தி பார்த்திருக்கிறாள். அவருக்கு ஒரு கணம் அவள்மேல் மரியாதை வந்தது, உடனே பயம் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. மாடியில் தாமோதரன் இருக்கிறார். இந்தச் சட்டம் பன்னிரண்டு படி ஏறினால் போதும். "அது வேற படம்மா" என்றார், குரல் அவருக்கே இதமாகக் கேட்டது. "போட்டோக்காரங்க ஒரே நேரத்துல நாலஞ்சு எடுப்பாங்க. நடுவுல மாறி மாறி நின்னிருப்பாங்க." அவள் சட்டத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அப்படியும் எடுப்பாங்களா சார்?" "எடுப்பாங்க." "மூஞ்சி, சட்டை, எல்லாம் அதே மாதிரி இருந்துச்சு, அதான்… சரி சார், உங்களுக்குத் தெரியாததா." துண்டை மறுபடி சுற்றினாள், ஒரு குழந்தையைப் போர்த்துவதுபோல. "இத யார்கிட்டயும் காட்ட வேண்டாம்மா, பாக்குறவங்களுக்கு இன்னும் குழப்பம் வரும். இவரு மட்டும் இருக்க படம் ஒண்ணு குடுங்க, போதும்." ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பர்ஸ், பர்சிலிருந்து ஒரு ஸ்டூடியோ படம். பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தியது. லேசாக ஒருபக்கம் திரும்பிச் சிரிக்கிறார், சட்டைப்பையில் பேனா, இடது கன்னத்தில் மிளகளவு மச்சம். "இதையே போடுங்க சார். இதுல பல்லெல்லாம் இருக்கு." முன்பக்கத்திலேயே போடுவீங்கள்ல என்று கேட்டாள். ஆசிரியர் முடிவு பண்ணுவார் என்றார். இரண்டாம் பக்கம், இடது ஓரம், கீழே என்று காலையிலேயே முடிவாகியிருந்தது. அவள் போகும்போது கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவதில் இடது வலது இல்லை என்று அபத்தமாக ஒன்று தோன்றியது.

மேலே வந்தபோது மூன்று ஐம்பது. பத்து நிமிஷம். பத்து நிமிஷம் நீளமானது, அதில் ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும். சார், நான் புரட்டிட்டேன். மூன்றே சொல். நாக்கில் வைத்துப் பார்த்தார், கசக்கவில்லை, ஒன்றும் இல்லை. ஜெயக்கொடிக்கு முப்பத்தெட்டு வயசு, வேறு எங்காவது போகலாம். ஐம்பத்தைந்து வயசில் இவரை யார் கூப்பிடுவார்கள். அவளுடைய வீட்டுக்காரன் நல்லவன். நல்லவனா? தெரியாது, படத்தில் பார்த்தால் நல்லவன். படத்தில் எல்லாரும் நல்லவர்கள்தான். மனைவி வடிவு இறந்தபோது கண்ணீர் அஞ்சலிக்கு அவரே படம் தேர்ந்தெடுத்தார், அவரே பக்கத்தில் வைத்தார். வடிவு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டினார். அதே படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாலையும் போட்டாயிற்று. பதினாறாம் நாள் மகள் அதன் முன்னால் நின்று, "அப்பா, இது யாருப்பா?" என்றாள். அவர் அதட்டினார். அவள் அழுதுகொண்டே, அம்மாவோட மூக்குத்தி இந்தப் பக்கம் இல்லை என்றாள். சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தார், பிறகு நேர்ப்படம் எங்கே போனது என்று தெரியவில்லை, தேடவும் இல்லை. நாலு வருஷமாகக் காலையில் விளக்கேற்றிப் பார்க்கிற முகம் அதுதான். இப்போது கண்ணை மூடி வடிவைக் கொண்டுவந்தால் மூக்குத்தி இடது பக்கம்தான் மின்னுகிறது. வலப் பக்கம் என்று தெரியும், ஆனால் தெரிவது வேறு, வருவது வேறு. ஒரு மனுஷியோடு இருபத்திரண்டு வருஷம் இருந்து அவளுடைய முகத்தையே மாற்றிக்கொண்டு ஒன்றும் ஆகவில்லையே, அதிலிருந்து மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறோம். அப்படியானால் இதுவும் ஆகாது. பழகிவிடும். ஜெயக்கொடியும் இன்னும் ஒரு மாதத்தில் வலமிருந்துதான் எழுதியிருக்க வேண்டும் என்று உறுதியாக நம்பிவிடுவாள், அப்புறம் அதுவே உண்மை. இப்படி நினைக்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்குத் தன்மேல் வெறுப்பு வந்தது. வெறுப்பு வந்ததே போதும், தான் அவ்வளவு மோசம் இல்லை என்று உடனே ஓர் ஆறுதலும் வந்தது. நாற்காலி நகரும் சத்தம். ஜெயக்கொடி எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனாள். போகும்போது பேப்பரையும் எடுத்துக்கொண்டாள். கதவு கண்ணாடிக் கதவு, குளிர் போகாமல் இருக்கக் கறுப்புத் தாள் ஒட்டியது, அதில் இவருடைய முகம்தான் தெரிந்தது. நல்லசிவம் மவுஸைப் பிடித்தார். நேராக இருந்த கோப்பின்மேல் அம்பு நின்றது. உள்ளே குரல் ஏதும் உயரவில்லை. உயர்ந்தால் போய்விடலாம் என்று இருந்தார், உயர்ந்தால் கண்டிப்பாகப் போயிருப்பார். நாலு ஐந்து. நாலு ஒன்பது. அம்பை அசைக்காமல் அழிக்கும் விசையை அழுத்தினார். நிச்சயமாகவா என்று திரை கேட்டது. எந்தத் திரையாக இருந்தாலும் ஒருமுறைதான் கேட்கிறது.

அவள் வெளியே வந்து தன்னிடத்துக்குப் போகாமல் நேராக இவர் பக்கத்தில் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொந்தக் காரணம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிரச் சொல்லிட்டாங்கண்ணே. பரவால்ல. ஒரு மனுசன அடிக்க வச்சிட்டனே, வேல போனதுதானா பெருசு." கண் காய்ந்திருந்தது. "போறதுக்கு முன்னாடி அந்த மறுப்ப மட்டும் என்னையே எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொன்னாரு தாமோதரன் சார்." "அந்தாளுக்கு மனசாட்சியே கெடையாது" என்றார் நல்லசிவம், உண்மையான கோபத்தோடு. "இல்லண்ணே, என் தப்பு, நான்தான எழுதணும்." ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தினாள். "அண்ணே, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது." "கேளும்மா." "நேத்து இதே எடத்துலதான நின்னேன். வெரல வச்சு எண்ணுனேன்ணே. சின்னதுலேர்ந்து தடுமாறும்னு தெரிஞ்சுதான் எப்பவும் ரெண்டு தடவ பாப்பேன். சோத்துக்கைய ஒருவாட்டி அசைச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுனேன். அப்ப சரியாத்தான் இருந்துச்சு. காலையில பேப்பரப் பாத்தா தப்பா இருக்கு. அப்படி ஆகுமாண்ணே? எனக்கு மூளையில ஏதும் இருக்குமா? டாக்டரப் பாக்கணுமா?" மூன்று சொல். இப்போதும் மூன்றே சொல்தான், கோப்பு போனாலும் சொல் போகவில்லை. "அவசரத்துல யாருக்கும் வரும்மா" என்றார். "ரெண்டு நாள் நல்லாத் தூங்கு. வேணும்னா ஒரு டாக்டர்கிட்டயும் காமிச்சிரு." அவள் தலையை ஆட்டினாள். "நீங்க ஒருத்தர்தான்ணே என்னையத் திட்டல."

தன் மேஜைக்குப் போய் ஐந்து நிமிஷத்தில் அனுப்பிவிட்டாள். நேற்றைய நாளிதழில் வெளியான படத்தின் விளக்கத்தில் இடம் வலம் மாறிவிட்டது, பரமகுருவுக்கும் அந்தச் சம்பவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, வருந்துகிறோம். நாலு வரி, பிழை இல்லை, எப்போதும்போல. நல்லசிவம் ஸ்டூடியோ படத்தை ஸ்கேன் செய்து இரண்டாம் பக்கத்தின் இடது ஓரத்தில் வைத்தார். பரமகுரு சிரித்துக்கொண்டே பேப்பரை விட்டு வெளியே, இடப் பக்கம் பார்த்தார். மூன்று மேஜை தள்ளி ஜெயக்கொடி டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அண்ணே, இதுல அவரு ஒருத்தர்தான இருக்காரு? இடமிருந்து வலமிருந்துன்னு எதுவும் போட வேண்டாம்ல?" "வேண்டாம்மா." "ஒருத்தர்தான?" "ஒருத்தர்தாம்மா. நீ கெளம்பு." அவளுடைய செருப்புச் சத்தம் படியில் இறங்கியது, ஒரு திருப்பத்தில் தயங்கி நின்று, பிறகு போனது. அவர் யோசிக்கவில்லை. கை புரட்டியது. மச்சம் வலது கன்னத்துக்குப் போனது. சட்டைப்பை, பேனாவோடு, வலது மார்புக்கு வந்தது. அதை ஒரு கணம் பார்த்தார். வெட்டும் கோட்டைப் பிடித்து மெல்ல மேலே ஏற்றினார், பேனா போயிற்று, பை போயிற்று, காலர் போயிற்று, கழுத்தில் நிறுத்தினார். பரமகுரு இப்போது பக்கத்துக்குள்ளே, ஜெயக்கொடி கடைசியாக எழுதிய நாலு வரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.